கொடி மாமா தின்ற உண்ணியப்பம்

"போன மாசம் கொடி மாமா போயிட்டாரு, தெரியுமா?" என்று தம்பானூர் பஸ் நிலையத்தில் பழைய லைன் வீட்டுக்காரர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். தெரியும். அன்றைக்கே போன் வந்துவிட்டது. நான் போகவில்லை. "லீவு கிடைக்கல்ல அண்ணாச்சி" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அப்போது வந்து நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். அது நான் போகவேண்டிய பஸ்கூட இல்லை. அவரும் விடாமல் ஜன்னலுக்குக் கீழே வந்து, "நேர்மையான மனுசன். அவர மாதிரி இனி யாரு இருக்கா?" என்றார்.

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த நேர்மையைத் தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு அது அழகாகத்தான் இருந்திருக்கும். கிட்டே இருந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று அவர் மனைவி, இன்னொன்று நான்.

ஆரியசாலையில் மொத்தக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அதற்குள் ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு வீடுகள், லைன் வீடு என்போம். ஆறும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்குப் பிழைக்க வந்த குடும்பங்கள். என் அப்பா தம்பானூரில் ஒரு ஹோட்டலில் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றார். மாமா ஒரு மளிகைக் கடையில் தராசு பிடித்தார். வாரத்தில் ஆறு நாள் வேட்டி, பனியன், காதில் பென்சில். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆளே மாறிவிடுவார். கறுப்புச் சட்டை, கறுப்பு டிரவுசர், முழங்கால் வரை கறுப்பு சாக்ஸ். ஃபுட்பால் சங்கத்தில் பரீட்சை எழுதித் தேறிய லைன்ஸ்மேன் அவர். மைதானத்தின் ஓரக்கோட்டில் கொடியோடு ஓடி, பந்து வெளியே போனதையும் ஆஃப்சைடையும் ரெஃப்ரிக்குக் காட்டிக்கொடுக்கிற வேலை. அந்தக் கொடியைத் தலையணை உறைக்குள் சுருட்டி, சாமி படத்துக்குக் கீழே வைத்திருப்பார். நாங்கள் பிள்ளைகள் வைத்த பெயர்தான் கொடி மாமா. அவர் மனைவி எல்லோருக்கும் அத்தை.

மாமாவுக்கு ஒரே ஒரு கொள்கை. "வேண்டியவன்னா ரெண்டடி தள்ளி நிக்கணும்." யார் எதற்குப் போய்க் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். சொல்லும்போது உண்மையாகவே இரண்டு அடி பின்னால் நகர்வார்.

அவர் கடையில் அம்மா அரைக்கிலோ துவரம்பருப்பு வாங்குவதைப் பார்க்க வேண்டும். தராசு முள் நேராக நிற்கும்வரை ஒவ்வொரு பருப்பாக எடுப்பார், போடுவார். முள் நின்றதும் கட்டிக் கொடுத்துவிடுவார். அடுத்து நிற்கிற மலையாளிச் சேச்சிக்கு நிறுத்துவிட்டு, அதற்கு மேலே ஒரு கை அள்ளிப் போடுவார். அம்மாவுக்கு ஒருநாள் பொறுக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, எங்களுக்கு மட்டும் கொசுறு கிடையாதா?"

"தமிழன் தமிழனுக்கு அள்ளிக் குடுக்கான்னு ஒருத்தன் சொல்லிரப்பிடாதுல்லா."

"தமிழன் தமிழனுக்குக் குறைச்சுக் குடுக்கான்னு சொன்னா பரவாயில்லையாக்கும்?"

"குறைக்கல்லியே தாயி. முள்ளப் பாருங்க. கரெக்டு."

முள் கரெக்டுதான். அம்மா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஆனாலும் அடுத்த மாதமும் அந்தக் கடைக்குத்தான் போனாள். எடை சரியாக இருக்கும் என்று வேறு எந்தக் கடையை நம்பிப் போவது?

சந்தில் ஆறு வீட்டுக்கும் ஒரே குழாய். காலையில் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் வரும். குடங்களை வரிசையில் வைப்பதில் தினமும் சண்டை. கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து மாமாவையே நடுவராக்கினார்கள். அவர் முதலில் செய்த காரியம், முன்னால் இருந்த அத்தையின் குடத்தைத் தூக்கிக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தது. "நம்ம குடம் பின்னால இருந்தாத்தான் நான் பேச முடியும்" என்றார். அதன்பிறகு சண்டையே இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்தக் குடம் கடைசியில்தான் இருந்தது. பாதி நாள் அது நிறைவதற்குள் தண்ணீர் நின்றுவிடும். அத்தை அரைக்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போவாள். மற்ற பெண்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

ஓணத்துக்குப் பூக்களம் என்கிற பூக்கோலப் போட்டி நடந்த கதை இன்னும் மோசம். அந்த வருஷம் அத்தை போட்ட பூக்களத்தை அடுத்த தெருக்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நடுவர்கள் மூன்று பேர், அதில் மாமா ஒருவர். மற்ற இருவரும் பத்துக்கு ஒன்பது போட்டார்கள். மாமா இரண்டு போட்டார். அத்தைக்கு மூன்றாம் பரிசுகூட இல்லை. அன்று மத்தியானம் அவருக்குச் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், மோர் மட்டும் வைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அதோடு அத்தை வாசலில் பூப் போடுவதை நிறுத்திவிட்டாள். நாங்கள் அதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். எங்கள் முறை வரும்வரை எல்லாம் வேடிக்கைதான்.

இனி அந்த வருஷத்துச் சீசன். பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தேசிய அளவில் நடக்கும் பள்ளிக்கூட ஃபுட்பால். நாக்அவுட் போட்டி. ஒருமுறை தோற்றால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதலில் மாவட்டம், பிறகு மாநிலம். மாநிலத்தில் ஜெயிக்கிற ஒரே ஒரு பள்ளிக்கூடம் டெல்லிக்குப் போகும். எங்கள் பள்ளிக்கூடத்தில் கிழியாத பூட்ஸ் பதினொரு ஜோடி கிடையாது. நான் ஏழாம் நம்பர், வலது ஓரத்தில் ஓடுகிறவன். மாவட்டத்தில் நாங்கள் ஜெயித்தபோது எங்கள் டிரில் வாத்தியாரே நம்பவில்லை. அப்புறம்தான் அவர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். டெல்லியில் ஜெயிக்கக்கூட வேண்டாம், போய் விளையாடினாலே போதும். அந்தச் சர்ட்டிஃபிக்கட் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட். படித்து முடித்தால் ஏதாவது ஒரு கம்பெனி டீமில் வேலை.

இதை நான் வீட்டில் சொன்னேன். அப்பா தோசைக்கல்லில் சுட்டுச் சுட்டுத் தழும்பாகிப்போன கையைத் திருப்பிக் காட்டினார். "காலேசுக்கெல்லாம் என்னால அனுப்ப முடியாது. நீயா ஓடிப் போய்ப் பிடிச்சாத்தான் உண்டு. இந்தக் கை உனக்கு வேண்டாம்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து ஹோட்டலிலிருந்து தினம் இரண்டு முட்டை கொண்டுவந்தார்.

மாநிலப் போட்டி முழுவதும் எங்கள் ஊரிலேயே நடந்தது. அது நாங்கள் செய்த பாக்கியம் என்று நினைத்தோம். என்னுடைய எல்லா ஆட்டத்தையும் மாமா வந்து பார்த்தார். எதிரணிக்காரர்கள் உட்காரும் பக்கத்தில், ஒரு மூலையில் நின்று பார்ப்பார். கை தட்டமாட்டார். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது நான் ஒரு ஓரமாகப் போனால் அவர் சாலைக்கு அந்தப் பக்கமாகப் போவார். அரையிறுதிக்கு முன்பு எனக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அத்தைதான் மூன்று நாள் காயத்திருமேனி எண்ணெய் தடவி நீவிவிட்டாள். தடவிக்கொண்டே, மெதுவாக, "பேப்பர்ல உன் பேரு வந்தது எல்லாத்தையும் வெட்டி வச்சிருக்காருடா. கொடி வச்சிருக்க உறைக்குள்ள. நான் சொன்னேன்னு சொல்லிராத" என்றாள்.

"பின்ன ஏன் அத்தை என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிடுதாரு?"

அத்தை இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டாள். பிறகு ஒரு பழைய கதையைச் சொன்னாள். கல்யாணமான புதிதில், ஆரியசாலைக் கடைத்தெருத் தமிழ்ப் பையன்கள் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருந்தார்களாம். அவர்கள் ஆடிய ஒரு ஆட்டத்தில் மாமா கொடி பிடித்திருக்கிறார். பந்து கோட்டைத் தாண்டிவிட்டது, கோல்தான் என்று அந்தப் பையன்களுக்குச் சாதகமாகக் காட்டியிருக்கிறார். அது சரியான தீர்ப்பு. ஆனால் கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. "பாண்டிக்குப் பாண்டி சாட்சியோடா?" என்று, தமிழர்களை இளக்காரமாகச் சொல்லும் அந்த வார்த்தையால் கத்தி, செருப்பை எடுத்து வீசியிருக்கிறார்கள். "நெத்தியில ரத்தத்தோட வந்தாருடா. ரத்தத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல்ல. பாண்டின்னுட்டானே, பாண்டின்னுட்டானேன்னு ராத்திரி பூரா அதையே சொல்லிக்கிட்டுக் கிடந்தாரு."

அப்போது எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது என்பது உண்மை. இப்போது யோசித்தால், யாரோ வீசிய செருப்புக்கு அவர் எங்களை அல்லவா காலமெல்லாம் பதில் சொல்ல வைத்தார் என்று தோன்றுகிறது.

இறுதி ஆட்டம் மலப்புறத்துப் பள்ளிக்கூடத்தோடு. அன்று விடிந்ததும் அம்மா பழவங்காடிக்குப் போய், பிள்ளையாருக்கு என் பெயரில் தேங்காய் உடைத்து, வெல்லம் போட்ட உண்ணியப்பம் பிரசாதம் வாங்கிவந்தாள். லைன் வீட்டில் அது வழக்கம். எந்த வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை வந்தாலும், யார் வேலைக்கு இன்டர்வியூ போனாலும், பழவங்காடிப் பிரசாதம் ஆறு வீட்டுக்கும் போகும். மாமா வீட்டுக்கும் போயிற்று. அதில் தவறே இல்லை. அதோடு நின்றிருக்கலாம்.

பத்து மணிக்குச் சங்கத்திலிருந்து ஒரு ஆள் ஸ்கூட்டரில் வந்தான். கொடி பிடிக்கக் கோட்டயத்திலிருந்து வரவேண்டியவர் பஸ் ஸ்டிரைக்கில் மாட்டிக்கொண்டாராம், மாமா மூன்று மணிக்கு ஸ்டேடியத்துக்கு வரவேண்டும். வெளியூர் ஆள்தான் பிடிக்க வேண்டும் என்று மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "ஏழாம் நம்பர் பையன் எங்க லைன் வீடு" என்றுகூடச் சொன்னார். வந்தவன் சிரித்தான். "அதினெந்தா மாஷே? மாஷை ஆர்க்கா அறியாத்தது?" என்றான். அதற்கென்ன வாத்தியாரே, உங்களை யாருக்குத் தெரியாது என்று அர்த்தம். சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

இதைக் கேட்டதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளையாரே பார்த்து அனுப்பியிருக்கிறார் என்று, மாமா கிளம்புகிற நேரம் பார்த்து, மிச்சம் இருந்த உண்ணியப்பம் நாலையும் ஒரு தட்டில் வைத்து, ஆறு வீட்டுக்காரர்களும் பார்க்க மாமா வீட்டுக்கு எடுத்துப் போனாள். நான் பின்னாலேயே போனேன். மாமா கறுப்புச் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"வெயில்ல நிக்கப் போறிய அண்ணாச்சி. பிள்ளையார் பிரசாதம், ரெண்டு வாயில போட்டுக்கிட்டுப் போங்க."

மாமா இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். பின்னால் சுவர். பிரசாதத்தை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவர் வேறு தினம் பழவங்காடியில் கும்பிட்டுவிட்டுத்தான் கடைக்குப் போகிறவர். ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டார். வெகுநேரம் மென்றார். அம்மா நின்றுகொண்டே இருந்ததால் இன்னொன்றையும் எடுத்தார். மிச்சம் இரண்டையும் எடுத்துக்கொண்டு, தட்டை வெறுமனே திருப்பக் கூடாது என்று அத்தை ஒரு கரண்டி சீனி போட்டுக் கொடுத்தாள். அம்மா சந்தோஷமாக வந்தாள். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. முடிய நான்கைந்து நிமிஷம் இருக்கும்வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது எங்கள் நடுவரிசைப் பையன் எனக்கு முன்னால் ஒரு பந்தைத் தள்ளினான். ஆஃப்சைட் என்றால், பந்து உதைபடுகிற அந்தக் கணத்தில் எனக்கும் கோலுக்கும் நடுவே கோல்கீப்பரைத் தவிர எதிரணியில் ஒருவனும் இல்லாமல் இருக்க வேண்டும். அங்கே ஒருவன் இருந்தான். பூட்ஸ் கயிறு அவிழ்ந்து, கோல் கம்பத்துப் பக்கமாகக் குனிந்துகொண்டிருந்தான். நான் ஓடினேன், அடித்தேன். பந்து வலைக்குள் போயிற்று. அவர்களுடைய கோல்கீப்பரே பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டான். பாதி வழியில்தான் கொடியைப் பார்த்தான்.

மாமா ஓரக்கோட்டில் விறைப்பாக நின்றிருந்தார். கொடி தலைக்கு மேலே நேராக நின்றது. ரெஃப்ரி விசிலை ஊதி, கோல் இல்லை என்று கையைக் காட்டினார்.

நான் கோட்டருகே ஓடினேன். மைதானத்தில் அவரை மாமா என்று கூப்பிடக் கூடாது என்பதே மறந்துபோயிற்று. "நான் என்ன பண்ணினேன் மாமா?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே மைதானத்தைப் பார்த்துக்கொண்டு, "களிக்கு. போய் களிக்கு" என்றார், போய் விளையாடு என்று. மலையாளத்தில்.

டைபிரேக்கரில் நான்குக்கு மூன்று என்று தோற்றோம். நான் உதைத்தது உள்ளே போனது. அதைச் சொல்லி என்ன பிரயோஜனம்? மலப்புறத்துப் பையன்கள் டெல்லிக்குப் போனார்கள். அவர்களில் இரண்டு பேருக்குப் பின்னால் நல்ல வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அப்பா மறுநாளும் வழக்கம்போல் வேலைக்குப் போனார். முட்டை கொண்டுவருவது மட்டும் நின்றது. அம்மாதான் உடைந்துபோனாள். "நான் ரெண்டாவது தட்டக் கொண்டு போயிருக்கப்பிடாது. அந்த மனுசனத் தெரிஞ்சிருந்தும் போனேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் எவ்வளவோ தேற்றிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து பிரசாதம் எந்த வீட்டுக்கும் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நாங்களே தின்றோம். அத்தை ஒருநாள் வந்து என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனாள். அந்த ஆட்டத்துச் செய்தியையும் மாமா பேப்பரிலிருந்து வெட்டி உறைக்குள் வைத்திருக்கிறார் என்று வேறு யாரோ சொன்னார்கள். ஊரில் அவர் பெயர் இன்னும் உயர்ந்தது. பக்கத்து வீட்டுப் பையன் என்றும் பார்க்காமல் கொடியைத் தூக்கினாராமே! சங்கத்தில் அந்த வருஷம் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

இரண்டு வருஷத்தில் நாங்கள் வேறு இடத்துக்குக் குடிபோனோம். நான் லாட்ஜில் ரூம்பாயாக இருந்து, துணிக்கடையில் நின்று, கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டோக்கன் கவுண்டருக்கு வந்து சேர்ந்தேன்.

சாவுக்கு நான் போகாததற்குக் காரணம் அவரில்லை. அத்தை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த ஆஸ்பத்திரிக்கு இதய டாக்டர் வாரத்தில் ஒருநாள் வருவார். முப்பது டோக்கன். அதில் கடைசி இரண்டை நாங்கள் மேஜை இழுப்பறையில் ஒதுக்கிவைப்போம். மேலிடத்திலிருந்து யாருக்காவது சொல்லி போன் வரும். பத்து மணிவரை வராவிட்டால் எனக்குப் பிடித்தவர்களுக்குக் கொடுத்துக்கொள்ளலாம். டீக்கடைக்காரரின் அம்மா, ஆட்டோ டிரைவரின் மாமனார் என்று வாரம் தவறாமல் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். நான் ஒன்றும் கொடி மாமா இல்லை.

அன்று போன் வரவில்லை. பத்து மணி தாண்டி, வரிசையில் இருபத்தெட்டாவது ஆளுக்கும் கொடுத்து முடித்து நிமிர்ந்தால், அடுத்து நிற்பது மாமா. தலை முழுக்க வெளுத்திருந்தது. பின்னால் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், காலிரண்டும் வீங்கியிருந்தன. மாமா என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார். அது எனக்குத் தெரிந்தது. ஆனால் யாரோ போல, மலையாளத்தில், "ஒரு டோக்கன் வேணம்" என்றார். தமிழில் பேசினால் தெரிந்தவன் என்று சலுகை கேட்டதுபோல் ஆகிவிடுமே.

அந்த மலையாளத்தைக் கேட்டதும் எனக்குள் எதுவோ எரிந்தது. கை இழுப்பறையில்தான் இருந்தது. இரண்டு டோக்கனும் விரலில் தட்டின. "தீந்து போச்சு மாமா. அடுத்த வாரம் வாங்க" என்றேன். நான் தமிழில்தான் சொன்னேன்.

அவர் கோபப்படுவார், கெஞ்சுவார், குறைந்தபட்சம் முகமாவது வாடும் என்று எதிர்பார்த்தேன். பத்து வருஷமாக நான் காத்திருந்தது அதற்குத்தான். அவர் முகம் மலர்ந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அத்தையைத் திரும்பிப் பார்த்து, "கண்டியா? ஆளு தெரிஞ்சும் தரல்ல. இவன் நல்லா வருவான்னு நான் சொல்லல்லியா?" என்றார். பிறகு கவுண்டர் கம்பிக்குள் முகத்தை நுழைத்து, குரலைத் தாழ்த்தி, ஏதோ எனக்கு ஒரு பரிசு கொடுப்பதுபோல் சொன்னார்.

"அந்தக் கோலு உனக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு அன்னிக்கே சந்தேகம்தான். சந்தேகம் வந்தா கொடியத் தூக்கப்பிடாது, அதான் சட்டம்."

"பின்ன ஏன் தூக்கினிய?"

"வாயில உண்ணியப்பம் இனிச்சுக்கிட்டே கிடந்துதுடே. ஓடும்போதும் இனிச்சுது. நீ வேற யாரோன்னா விட்டிருப்பேன். நீ வேண்டியவன்லா."

அப்போதுதான் அத்தை தூணை விட்டுவிட்டு மெதுவாக நடந்து வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பாதி திறந்திருந்த இழுப்பறையையும் அதற்குள் இருந்த என் கையையும் பார்த்தாள். அங்கே உட்கார்ந்திருக்கிற ஆட்கள் இழுப்பறையில் என்ன வைத்திருப்பார்கள் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்து நடந்து அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"அவருக்கு இது வேண்டியதுதான்" என்றாள். மூச்சு வாங்கியது. நின்று, மறுபடியும் சொன்னாள். "நான் என்னடா பண்ணினேன்?"

நான் ஒரு டோக்கனை எடுத்து வெளியே நீட்டினேன். "இருக்கு அத்தை. ஒண்ணு இருக்கு. வாங்க, முதல்ல உள்ள அனுப்புதேன்."

மாமா அந்த டோக்கனைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த மலர்ச்சி மெல்லக் கழன்று போவதை நான் பார்த்தேன். "இது எப்ப இருந்து இருக்கு?" என்று கேட்டார். நான் இழுப்பறையைச் சாத்தினேன். "அப்போ வச்சுக்கிட்டேதான் இல்லன்னியா?"

"மாமா, வாங்கிக்கோங்க. அத்தைக்கு முடியல்ல."

"வரிசையில வராதது எனக்கு வேண்டாம்." இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். "அடுத்த வாரம் வெள்ளன வந்து நின்னுக்கிடுதேன். வாட்டி, போவோம்."

நான் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினேன். டோக்கனை அத்தையின் கையில் திணித்தேன். அவள் அதை ஒரு நிமிஷம் வைத்திருந்தாள். முன்னால் அவர் திரும்பிப் பார்க்காமல் படி இறங்கிக்கொண்டிருந்தார். அத்தை டோக்கனை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக அவர் பின்னாலேயே இறங்கினாள். பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த வாரம் நான் கவுண்டரைத் திறப்பதற்கு முன்பே மாமா வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்தார். ஒன்றாம் நம்பரைக் கொடுத்தேன். நம்பரைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டார். அத்தை பிழைத்துக்கொண்டாள், அவருக்குப் பிறகும் இருக்கிறாள். அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. அன்றைக்குப் பிறகு அவரைக் குறை சொல்லும் யோக்கியதையும் எனக்குப் போய்விட்டது. அதற்காகவும் அவர்மேல் கோபம்தான்.

அத்தை படியிறங்கிப் போன அன்று அந்த இரண்டு டோக்கனும் யாருக்கும் போகவில்லை. கேட்டு வந்தவர்களிடம் தீர்ந்துவிட்டது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி நோயாளியையும் பார்த்து முடித்த டாக்டர், இன்றைக்கு ஆள் குறைவு போலிருக்கிறதே என்று கேட்டுவிட்டு, கால்மணி நேரம் முன்னதாகவே கிளம்பிப் போனார்.